'ஷோ' என்ற ஆங்கில வினைக்கு 'காட்டு' தவிர வேறு என்னென்ன அர்த்தம்?

அகராதி எண் போட்டு நீளமாகக் கொடுத்திருக்கும். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் ஒன்றைப் பாருங்கள்: யாராவது எடுத்துக் காட்டுகிறார்களா, இல்லை, அதுவாகத் தெரிகிறதா? நமக்கு 'காட்டு', 'தெரி' என்று இரண்டு வினைகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஷோதான்.

'யுவர் கிரே ஹேர் இஸ் ஷோயிங்' என்றால் நரை தெரிகிறது. 'த ஸ்டெயின் வோன்ட் ஷோ' என்றால் கறை தெரியாது. இங்கே 'இஸ் ஷோன்' போட்டால் யாரோ கறையைத் தூக்கிப் பிடித்துக் காட்டுவதுபோல் ஆகிவிடும். இத்தனைக்கும் பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு 'பார்' என்றே பொருள். நாம் காண் என்பதைக் காட்டு என்றும், உண் என்பதை ஊட்டு என்றும் உருமாற்றிக்கொண்டோம். அவர்கள் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு பொருளைத் திருப்பிவிட்டார்கள்.

'காட்டு' என்ற பொருளில் வரும்போது தடுக்குவது 'எனக்கு' என்பதில்தான். 'ஷோ மீ த பில்' சரி. 'ஷோ த பில் டு மீ' சரி. 'ஷோ டு மீ த பில்' இடறும். பில்லுக்குப் பதில் 'இட்' வந்தால் 'ஷோ இட் டு மீ' என்பதே இயல்பு. இதே பழக்கத்தில் 'ரிவீல் மீ த சீக்ரெட்' என்று எழுதிவிடாதீர்கள். ரிவீலுக்கு 'டு மீ' கட்டாயம்.

சின்னச் சொல் ஒன்று எவ்வளவு மாற்றும் என்பதற்கு 'டோர்' நல்ல உதாரணம். 'ஷோ ஹிம் டு த டோர்' என்றால் மரியாதையாக வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். 'ஷோ ஹிம் த டோர்' என்றால் ஆளைக் கிளப்புங்கள். விருந்தாளி விஷயத்தில் அந்த 'டு' விட்டுப்போகக் கூடாது.

'ஷோ ஆஃப்' சுலபம்: படம் காட்டுவது, சீன் போடுவது. 'ஷோ அப்' கொஞ்சம் ஏமாற்றும். 'ஹி டிட்ன்ட் ஷோ அப்' என்றால் வரவேண்டிய ஆள் வரவில்லை. நம்முடைய 'தலைகாட்டு' நெருங்கிய சொல்தான், ஆனால் அதில் சும்மா எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற தொனி உண்டு. ஷோ அப்பில் அது இல்லை. நடுவில் ஆள் வந்தால் பொருளே வேறு: 'ஷி ஷோட் மீ அப்' என்றால் நாலு பேர் முன்னால் என்னை மட்டம் தட்டிவிட்டாள், அல்லது அவள் திறமைக்கு முன் நான் சப்பையாகிவிட்டேன்.

அலுவலகத்தில் வரும் 'ஷோ காஸ் நோட்டீஸ்' தனி ரகம். தவறு ஏன் நடந்தது என்று மட்டும் பதில் எழுதினால் போதாது. 'உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?' என்பதே அதிலுள்ள கேள்வி. குற்றச்சாட்டு தவறு என்றால் அதற்கான ஆதாரத்தையும் அந்தப் பதிலிலேயே வைக்க வேண்டும்.

இறந்தகாலம் 'ஷோட்'. ஹேவ், வாஸ் பின்னால் 'ஷோன்' போடுங்கள். 'ஹேவ் ஷோட்' சில அகராதிகளில் இருக்கிறது. 'வாஸ் ஷோட்' தப்பு.