சாந்தா குரூஸ் கடலில் சவுத் டகோட்டா: கேள்வி பதில்

1942 அக்டோபர் 26 அன்று பசிபிக் கடலில் சாந்தா குரூஸ் தீவுகளுக்கு வடக்கே அமெரிக்க, ஜப்பானிய விமானந்தாங்கிகள் மோதின. என்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக்குப் பக்கத்தில் காவலாக ஓடியது சவுத் டகோட்டா என்ற அமெரிக்கப் போர்க்கப்பல். அந்த நாளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: போர்க்கப்பல் என்பது எதிரிக் கப்பலைச் சுடத்தானே? விமானத்தைத் தடுக்க இவ்வளவு பெரிய கப்பல் எதற்கு?

அதன் ஒன்பது 16 அங்குலப் பீரங்கிகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அன்று காவல் காத்தவை சின்னப் பீரங்கிகள். 5 அங்குலக் குழல்கள் 16, ஸ்வீடனில் பிறந்த 40 மி.மீ. போஃபர்ஸ் குழல்கள் 16, அப்புறம் 20 மி.மீ. ஓர்லிகான்கள் ஏராளம். இத்தனையையும் ஏற்றி, அவற்றுக்கான குண்டுகளையும் அடுக்கிவைக்கப் பெரிய கப்பலில்தான் இடம் உண்டு. வேகமும் முக்கியம். பழைய அமெரிக்கப் போர்க்கப்பல்கள் 21 நாட் (மணிக்குச் சுமார் 39 கி.மீ.) வேகத்தைத் தாண்டாது. விமானந்தாங்கியோடு சேர்ந்து ஓட அவற்றால் முடியாது. சவுத் டகோட்டா 27 நாட் போகும்.

கேள்வி: பறக்கிற விமானத்தை எப்படிக் குறிபார்த்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. 5 அங்குலக் குண்டு விமானத்தின் மேல் படவேண்டும் என்றில்லை, அருகில் வெடித்தால் போதும். அதற்குள்ளே கடிகாரம் போல ஒரு ஃபியூஸ், அதாவது குண்டை வெடிக்கவைக்கும் கருவி. விமானத்தின் உயரம், வேகம், திசை, நம் கப்பலின் ஆட்டம் எல்லாவற்றையும் பல்சக்கரங்களால் ஆன ஒரு கணக்கு இயந்திரம் வாங்கி, குண்டு எத்தனை விநாடியில் வெடிக்கவேண்டும் என்று சொல்லும். இடையில் விமானி கொஞ்சம் திரும்பினாலும் கணக்கு தப்பிவிடும். விமானத்தை நெருங்கியதும் தானே வெடிக்கும் ரேடியோ ஃபியூஸ் 1943 ஜனவரியில்தான் ஹெலினா கப்பலிலிருந்து முதல்முறையாகப் போரில் வேலை செய்தது. சாந்தா குரூஸில் அது இல்லை.

அதனால் பெரும்பாலான குண்டுகள் வானத்தில் வீணாகத்தான் வெடித்தன. ஆனாலும் பலன் இருந்தது. செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுகிறவன் கடைசிச் சில விநாடிகள் நேர்கோட்டில் வந்தே ஆகவேண்டும். எதிரே கறுப்புப் புகை வெடித்துக்கொண்டே இருந்தால் கை நடுங்கும், சீக்கிரமே குண்டை விட்டுவிடுவான். குறி தவறவைத்தாலே காவல்காரனுக்கு வெற்றிதான்.

கேள்வி: 26 விமானங்களை அந்தக் கப்பல் வீழ்த்தியது உண்மையா?

அது கப்பல் தரப்பு சொன்ன கணக்கு. நான் அதை முழுசாக நம்பமாட்டேன். ஒரே விமானத்தைப் பல கப்பல்கள் சேர்ந்து சுடும். விழுந்தால் ஒவ்வொன்றும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். உறுதியான எண் வேறு: அன்று மொத்தமாக ஜப்பான் இழந்தது 99 விமானங்கள், அவற்றில் பறந்த 148 பேர். அதே வருடம் ஜூனில் நடந்த மிட்வே கடற்போரில்கூட 110 பேர்தான். வருடக்கணக்கில் பழகிய அந்தக் கைகளுக்கு ஜப்பானிடம் மாற்று ஆள் இல்லை.

கேள்வி: சவுத் டகோட்டாவே அடிபட்டதா?

ஆமாம். சுமார் 250 கிலோ குண்டு ஒன்று முதல் பீரங்கிக் கோபுரத்தின் கூரையில் விழுந்தது. கவசம் அவ்வளவு தடிமன் என்பதால், உள்ளே இருந்த பலருக்கு அடிபட்டதே தெரியவில்லை. சிதறல்தான் கெடுத்தது. கேப்டன் தாமஸ் கேட்ச் கழுத்தில் காயப்பட்டார். குண்டு வருவது தெரிந்தும் அவர் தரையில் படுக்கவில்லை.

கேள்வி: என்டர்பிரைஸ் தப்பியது, இன்னொரு அமெரிக்க விமானந்தாங்கியான ஹார்னெட் ஏன் மூழ்கிப்போனது?

போர்க்கப்பல் இருந்ததால் மட்டும் என்று சொன்னால் தவறு. முதல் தாக்குதல் வந்தபோது என்டர்பிரைஸ் குழுவை மழை மறைத்துவிட்டது. சில மைல் தள்ளியிருந்த ஹார்னெட் முழு அடியையும் வாங்கியது. அதன் பக்கத்தில் போர்க்கப்பல் கிடையாது. பிறகு வந்த தாக்குதல்களில் என்டர்பிரைஸ் மீதும் இரண்டு குண்டுகள் விழுந்தன, ஆனால் தண்ணீருக்குள் பாய்ந்து வரும் டார்பிடோ ஒன்றுகூடப் படவில்லை.

கேள்வி: அப்படியானால் 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஏன் மூழ்கியது?

மேலே ஒரு போர்விமானமும் காவலுக்கு இல்லை. ஆரம்பத்திலேயே பின்பக்கம் பட்ட டார்பிடோ மின்சாரத்தையும் கெடுத்து, பல பீரங்கிகளை முடக்கிவிட்டது.

கேள்வி: ஸ்மித் என்ற டெஸ்ட்ராயரின் (சிறிய காவல் போர்க்கப்பலின்) தீயை அணைத்தது சவுத் டகோட்டாவா, ஐயா?

ஒரு டார்பிடோ விமானம் ஸ்மித்தின் முன்பக்கத்தில் வந்து மோதியது. கப்பலைச் செலுத்தும் மேல்தளமே தீயில் இருந்தது. பின்பக்கத்திலிருந்து கப்பலைச் செலுத்திய அதன் கேப்டன், சவுத் டகோட்டாவுக்குப் பின்னால் கொந்தளித்த நுரைத் தண்ணீருக்குள் மூக்கை நுழைத்தார். தெறித்த தண்ணீர் தீயை அடக்க உதவியது. 57 பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த பீரங்கிகளைச் சுட்டபடியே ஸ்மித் மறுபடியும் தன் காவல் இடத்துக்கு வந்து நின்றது.