பரிணாமம் படித்தால் விசுவாசம் போய்விடுமா? ஒரு செவிலியர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள சிஸ்டருக்கு,

நீங்கள் அனுப்பிய ஆடியோவை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை பஸ்ஸில். பாதி காதில் விழவில்லை. இரவு வீட்டில் உட்கார்ந்து மறுபடி கேட்டபோதுதான், உங்கள் கவலை கல்லூரியைப் பற்றியதே இல்லை என்று புரிந்தது. "விலங்கியல் எடுத்தா வேலை கிடைக்குமா சார்" என்று ஆரம்பித்தீர்கள். ஏழாவது நிமிடத்தில் குரல் தாழ்ந்தது: "பரிணாமம் படிச்சா பிள்ளை விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போயிருவாளோன்னு அவங்க அப்பாவுக்குப் பயம்." அவருக்கு மட்டும்தானா என்று நான் கேட்கப் போவதில்லை.

முதலில் ஒன்று. நான் உங்கள் சபைக்காரன் இல்லை. வேதத்தை விளக்கிச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அதற்கு உங்கள் சபைப் போதகர் ஐயர் இருக்கிறார். பிள்ளைகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று சொல்வதுதான் என் தொழில். ஆனால் இந்த மாதிரிக் கேள்வி வருடத்துக்கு நாலைந்து பேராவது கொண்டுவருகிறார்கள் என்பதால் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை நீங்கள் மார்க் ஷீட் ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில், பாப்பாவிடம் விலங்கியல் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஆறாம் பாடம், பரிணாமம். உள்ளே அடையாளத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை, வேத வசனம் அச்சிட்டது. புத்தாண்டு ஆராதனையில் எடுத்ததாம். முனை மடங்கிப் போயிருந்தது. "இது எதுக்கும்மா இங்கே?" என்று கேட்டேன். ஏதோ பெரிய தத்துவம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். "பக்கம் மறந்துரக் கூடாதுல்ல சார்" என்றாள். அவ்வளவுதான்.

"பரிணாமம் இல்லாத கோர்ஸ் ஏதாவது சொல்லுங்க, மைக்ரோபயாலஜி, இல்லேன்னா என்னை மாதிரி நர்சிங்கே போகட்டும்" என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. நீங்கள் இத்தனை வருடமாக வார்டில் செய்கிற வேலையிலேயே அது இருக்கிறது. காசநோய்க்காரர் ஒருவர் இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டு, இருமல் நின்றதும் நிறுத்திவிட்டால் ஏன் அப்படித் திட்டுகிறீர்கள்? முதல் இரண்டு மாதம் ஏன் ஒன்றுக்கு நான்கு மருந்து? உடம்பில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ சில, ஒரு மருந்துக்குச் சாகாத மாற்றத்தோடு தற்செயலாகவே பிறந்திருக்கும். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து, இடத்தைக் காலி செய்து கொடுக்கும். தப்பியவை பெருகி நிரம்பிவிடும். நான்கையும் சேர்த்துக் கொடுத்தால் நான்குக்கும் தப்புகிற கிருமி இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. டார்வின் 1859இல் இயற்கைத் தேர்வு என்று எழுதினாரே, அது உங்கள் வார்டுக் கட்டிலிலேயே நடக்கிறது. நர்சிங்கிலும் மைக்ரோபயாலஜியிலும் பரிணாமம் இருக்கத்தான் செய்யும். என்ன, தனியாக அத்தியாயம் போட்டுச் சொல்ல மாட்டார்கள்.

"கிருமி கிருமியாத்தானே இருக்கு, குரங்கு மனுசனாகலையே" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. இன்றைய குரங்கு எதுவும் மனிதனானதாக உயிரியல் சொல்லவில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்கிறது. அதற்கான சான்றுகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம். சிம்பன்சிக்கு அது 48, நமக்கு 46. பொது மூதாதை உண்மையானால் அந்த ஒரு ஜோடி எங்கே போனது? ஒவ்வொரு குரோமோசோமின் இரு நுனியிலும் ஷூ லேஸ் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மாதிரி ஒரு காப்புத் துண்டு உண்டு. நம்முடைய இரண்டாம் குரோமோசோமில் அந்த நுனித் துண்டின் மிச்சம் நடுவிலும் கிடக்கிறது. இரண்டு லேஸை முனையோடு முனை ஒட்டவைத்தது போல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் என்ற ஊரில், பள்ளி வகுப்பில் பரிணாமத்துக்கு மாற்று என்று வேறொன்றைச் சொல்லலாமா என்று 2005இல் வழக்கு நடந்தது. நீதிமன்றத்தில் இந்தக் குரோமோசோமை விளக்கியவர் கென்னத் மில்லர். அவர் கத்தோலிக்கர்.

இந்த இடத்தில் விசுவாசி விஞ்ஞானிகளின் பட்டியல் ஒன்றை நீட்டுவது என் போன்றவர்களின் வழக்கம். பட்டியலால் யாருக்கும் பயம் தெளிந்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் பாப்பாவின் தாவரவியல் புத்தகத்தில் பட்டாணிச் செடியோடு வருகிற மெண்டல் ஒரு துறவி என்பதை அவளுடைய அப்பாவிடம் சொல்லிவையுங்கள். ப்ரனோ நகரத்து மடத்துத் தோட்டத்தில்தான் அந்தப் பட்டாணியை வளர்த்தார். பிற்பாடு அந்த மடத்துக்கே தலைவரானார். பரிணாமம் எப்படி நடக்கிறது என்று இருபதாம் நூற்றாண்டில் தெளிவானதே, அவர் 1866இல் வெளியிட்ட கட்டுரையின் மேல் நின்றுதான்.

இன்னும் இரண்டு பேரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் நர்ஸ் என்பதால்.

ஒருவர் டார்வினேதான். இளவயதில் அவர் கேம்பிரிட்ஜில் படித்தது போதகராகும் உத்தேசத்தில். பிற்காலத்தில் தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அறிய முடியாது என்கிற கட்சியில் நின்றார். புதைபடிவம்தான் அவருடைய விசுவாசத்தைக் கரைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1851இல் அவருடைய மூத்த மகள் ஆனி பத்து வயதில் நோயில் இறந்தாள். அந்தச் சாவுக்கும் அதில் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள்.

மற்றவர் ஃபிரான்சிஸ் காலின்ஸ். மனித மரபணுத் தொகுதியை ஏறக்குறைய முழுவதும் படித்து 2003இல் முடித்தார்களே, அந்தத் திட்டத்தின் தலைவர். ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது கடவுள் இல்லை என்று இருந்தவர். பிறகு மருத்துவம் படிக்க வந்தார். வார்டில் நெஞ்சுவலியால் அவதிப்பட்ட ஒரு மூதாட்டி, தன் விசுவாசத்தைப் பற்றிப் பேசிவிட்டு, "டாக்டர், நீங்கள் எதை நம்புகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். இவரிடம் பதில் இல்லை. அதிலிருந்து தேட ஆரம்பித்து, 27 வயதில் கிறிஸ்தவரானார். இன்றைக்கும் பரிணாமத்தை முழுக்க ஏற்கிறவர்.

ஒருவருக்குப் போனது, ஒருவருக்கு வந்தது. இரண்டு கதையிலும் நடுவில் கிடப்பது நோய்ப்படுக்கை. பாடப்புத்தகத்தால் உங்கள் பிள்ளைக்கு ஆபத்து என்று பயப்படுகிறீர்கள். நர்சிங்குக்கு அனுப்பினால் பத்திரம் என்று நினைக்கிறீர்கள். பச்சைப் பிள்ளை மூச்சுத் திணறிச் சாவதைப் பார்க்கிற வேலை, அந்த விஷயத்தில் பத்திரமான வேலையா சிஸ்டர்? இதற்கு என்னைவிட உங்களுக்குப் பதில் தெரியும்.

எல்லாம் சுலபமாகப் பொருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. பொருந்தாத இடங்கள் உண்டு, அவளுக்கு அவை எதிர்ப்படும். ஆதியாகமத்தில் கடவுள் உலகைப் படைத்த ஆறு நாளும் 24 மணி நேர நாள்தான், பூமிக்கு ஆறாயிரம் சொச்சம் வயசுதான் என்பது உங்கள் வீட்டில் அசைக்க முடியாத நிலை என்றால், பூமிக்கு ஏறக்குறைய 454 கோடி வயது என்கிற புவியியலோடு அது ஒத்துப்போகாது. நடுவழி கிடையாது. சூரியனே நாலாம் நாள்தான் படைக்கப்பட்டது என்றால் முதல் மூன்று நாள் எந்தக் கணக்கு நாள் என்று, டார்வினுக்கு ஆயிரத்து நானூறு வருடம் முன்பே அகுஸ்தீன் என்கிற ஆதிச் சபை ஆயர் யோசித்திருக்கிறார். ஆகவே நாள் என்றால் என்ன என்று கேட்பது விஞ்ஞானத்துக்குப் பயந்து கண்டுபிடித்த சால்ஜாப்பு இல்லை. கத்தோலிக்கர் தரப்பில் 1996இல் போப் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோளைத் தாண்டிவிட்டது என்று எழுதினார். ஆன்மா மட்டும் கடவுள் நேரடியாகத் தருவது என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆதாம் ஒரே மனிதனா, மனிதன் பாவத்தில் விழுந்தான் என்கிற விழுகை என்ன என்பதெல்லாம் இன்னும் கடினம். அதை ஐயரிடம் கேட்க வேண்டியதுதான். அவருக்கும் உடனே பதில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எனக்குக் கேட்டால் இவற்றைவிடக் கடினமானது குளவி. கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று நம் ஊரில் குருவுக்கும் சீடனுக்கும் உவமை சொல்வார்கள். உண்மையில் புழு குளவியாவதில்லை. அது குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடு, அதுவும் உயிரோடு. புழுவை உள்ளிருந்தே தின்று வளர்கிற குளவி இனம் ஒன்றைப் பற்றி டார்வின் 1860இல் தன் நண்பர் ஏசா கிரேவுக்கு எழுதினார்: கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே இதைப் படைத்திருப்பார் என்று என்னால் நினைக்க முடியவில்லை என்கிற பொருளில். கிரே ஹார்வர்டில் தாவரவியல் பேராசிரியர், பிரஸ்பிட்டேரியன் விசுவாசி. அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியதும் அவர்தான். அந்தக் கடிதத்துக்குப் பிறகும் இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள். கடவுள் நம்பிக்கையில் ஊறியவர் பரிணாமத்தையும் ஏற்க முடியுமா என்று 1879இல் ஒருவர் டார்வினிடம் எழுதிக் கேட்டபோது, அதில் சந்தேகப்படுவதே அபத்தம் என்று பதில் எழுதி, அவர் உதாரணம் காட்டியவர்களில் ஒருவர் கிரே.

கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெற்றோர் இதே கேள்வியோடு வந்தால் சிரித்துக்கொண்டே வருவார்கள். மச்சம், கூர்மம், வராகம் என்று தசாவதாரமே பரிணாமம்தானே சார் என்பார்கள். அதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆமை பன்றியாகவில்லை. இந்தப் பக்கம், மேடையில் டார்வினைச் சாமிக்கு எதிராகத் தடியாகச் சுழற்றுகிறவர்களும் உண்டு. உங்கள் வீட்டுக்காரர் கேட்டு வளர்ந்தது அந்தப் பேச்சைத்தான் என்று நினைக்கிறேன். சிலபஸில் அந்தத் தடி இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது என்று கேட்டால் ஒன்றே ஒன்று: ரெண்டில் ஒண்ணைச் சொல்லு என்று அவளைச் சாப்பாட்டு நேரத்தில் நிறுத்தாதீர்கள். சில வருடத்துக்கு முன் ஒரு பையன் வந்தான், பயோடெக்னாலஜி. "இந்த வீட்டுல சோறு வேணும்னா அந்தப் புத்தகத்தை நம்பாதே" என்று அப்பா சொல்லியிருக்கிறார். பையன் ஹாஸ்டலுக்குப் போனான். இப்போது ஆராதனைக்குப் போவதில்லை. காரணம் கேட்டேன். புதைபடிவம், குரோமோசோம் எதையும் சொல்லவில்லை. அந்த ராத்திரிச் சாப்பாட்டைச் சொன்னான். தேர்வில் பரிணாமத்துக்கு அவள் நன்றாக விடை எழுதட்டும். விடைத்தாளில் எழுதுவது விசுவாசப் பிரமாணம் இல்லை. ஆனால் பின்னாளில் ஆராய்ச்சிக்கே போவதானால், எழுதுவது ஒன்று நினைப்பது ஒன்று என்று இருக்க முடியாது. ஆதாரத்தை ஆதாரமாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதை இப்போதே அவளிடம் சொல்லிவிட்டேன்.

இனி நீங்கள் கேட்க மறந்த கேள்வி. எனக்கு உண்மையில் கவலை அதில்தான். விலங்கியலில், அதிலும் பரிணாம உயிரியலில், நிலையான வேலை கிடைக்க வருடம் அதிகம் ஆகும். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஐசர் இருக்கிறது, மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம், விதுரா வளாகம். ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. அதற்கு ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் விலங்கியல், பிறகு எம்.எஸ்சி. காட்டுயிர் பக்கம் ஆர்வம் என்றால் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி. பாளையங்கோட்டையில் சேசு சபையினரும் தாம்பரத்தில் மிஷனரிகள் தொடங்கிய கல்லூரியும் விலங்கியல் நடத்துகிறார்கள், அங்கேயும் இதே பரிணாமம்தான். அவள் அப்பாவுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். எம்.எஸ்சி. முடிந்து நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். பிஎச்.டி. ஐந்தாறு வருடம். நிரந்தர வேலைக்கு முப்பதைத் தாண்டிவிடும். நடுவில் கல்யாணப் பேச்சு வரும். அப்போது அவள் பக்கம் நிற்பீர்களா என்பதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஐசர் விண்ணப்பத்துக்கு மாநில அரசு தந்த பி.சி. சான்றிதழ் போதாது. மத்திய அரசு படிவத்தில், வசதி வரம்பைத் தாண்டாத பிற்படுத்தப்பட்டவர் என்கிற ஓ.பி.சி. நான்-க்ரீமி லேயர் சான்றிதழ் வேண்டும், அதுவும் புதிதாக வாங்கியது. கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. இந்த வாரமே போய்விடுங்கள். அடுத்த சனிக்கிழமை அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள், பதினொரு மணிக்கு. விலங்கியல் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அட்டை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.