தீம் பார்க் ரிசார்ட்டில் கன்சியர்ஜ் வசதியுள்ள அறைக்குக் கூடுதல் பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். இல்லை, கட்டித்தான் ஆவேன் என்றால் கீழே ரெண்டு கேள்வி சொல்கிறேன். அதைக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொண்டு அப்புறம் கட்டுங்கள்.

அப்பா அம்மா, ரெண்டு குழந்தைகளோடு போகிறோம், கன்சியர்ஜ் அறைக்கு, அதாவது நாம் கேட்பதையெல்லாம் ஏற்பாடு செய்து கொடுக்க ஓட்டலில் ஒரு ஆள் இருக்கிற அறைக்கு, ராத்திரிக்கு ஆறாயிரம் அதிகம் கேட்கிறார்கள், தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊர் என்று போடவில்லை. ஆனால் நிலைமை புரிகிறது. அப்பாவுக்கு முட்டி வலி இருக்கும். சின்னது கார் ஏறினாலே வாந்தி எடுக்கும். வரிசையில் நிற்க யாருக்கும் தெம்பு கிடையாது. போனில் பேசின பெண் "எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம் சார்" என்றிருப்பார். அந்த ஒரு வரிக்குத்தான் ஆறாயிரம்.

சேலத்துக்காரன் ஏற்காட்டில் ரூம் போட்டுத் தங்கினதும் இல்லாமல் இங்கே வந்து புலம்புகிறான் பார் என்று சிலர் ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்கட்டும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் பார்க்கிறவன் நான். காசு மரத்தில் காய்க்கவில்லை. அம்மாவுக்கு எழுபது முடிந்ததை ஒட்டி அக்காவும் நானும் ஆளுக்குப் பாதி போட்டுப் போனது. அங்கே வேலை பார்க்கிற பையன்களைக் குறை சொல்லவும் வரவில்லை, படித்தால் தெரியும்.

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாததற்குக் காரணம் வேறு. கடைக்கு வருவதற்கு முன் சென்னையில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில் பெல் டெஸ்க்கில் இருந்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் வாயில் அது "பெட்டி தூக்குற வேலை". பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை ஓட்டல்ல என்னவா இருக்காரு" என்று கேட்டதற்கு என் சித்தப்பா முந்திக்கொண்டு "ஆபீஸ்ல" என்றார். இன்னும் மறக்கவில்லை. அங்கே எனக்கு மேலே இருந்தவர்தான் கன்சியர்ஜ். கோட்டின் ரெண்டு பக்கமும் குறுக்கே வைத்த தங்கச் சாவி பேட்ஜ். அது ஓட்டல் கொடுப்பதில்லை. 1929-ல் பாரிஸில் ஆரம்பித்த கன்சியர்ஜ்கள் சங்கம் ஒன்று இருக்கிறது, லே க்ளே தோர் என்று பெயர். அனுபவத்தைப் பார்த்து அவர்கள் சேர்த்துக்கொண்டால்தான் அந்தச் சாவியைக் குத்திக்கொள்ள முடியும்.

ஒரு ராத்திரி பதினோரு மணிக்குக் கல்யாணத்துக்கு வந்த அம்மா ஒருவர் கீழே இறங்கி வந்தார். விடிந்தால் முகூர்த்தம், ரவிக்கை பிடிக்கிறது, கை நுழையவில்லை. எங்கள் ஆள் டைரியைப் புரட்டி ஒரு மருந்துக்கடைக்குப் போன் போட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தையல்காரர் ராத்திரி போனை அணைத்துவிடுவார், அவர் வீட்டுக்குக் கீழேதான் அந்த மருந்துக்கடை, அது பன்னிரண்டு வரை திறந்திருக்கும். கடைப்பையன் மாடி ஏறிக் கதவைத் தட்டினான். ரெண்டு பக்கமும் தையல் பிரித்துவிட்ட ரவிக்கை காலை ஐந்து மணிக்கு ரூமில் இருந்தது. அந்த வேலைக்குப் பெயர்தான் கன்சியர்ஜ். அதைப் பார்த்தவன் ஏற்காட்டில் பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ரிசார்ட் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். காபித் தோட்டத்துக்குள் கட்டினது. ஒரு பக்கம் ரூம்கள், இன்னொரு பக்கம் ஜிப்லைன், கயிற்றுப் பாலம், தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் வைத்த பார்க். சேலத்திலிருந்து டிக்கெட் எடுத்துப் பகலில் வந்து போகிறவர்களும் உண்டு. கன்சியர்ஜ் ரூம் எடுத்தால் பார்க் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நம் குழந்தைகளை விடுவார்களாம், எங்கே போக வேண்டும் என்றாலும் ஏற்பாடு செய்வார்களாம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மாமாதான் விடவில்லை. அக்கா வீட்டுக்காரர் பெங்களூரில் ஐடி, கொஞ்ச காலம் கம்பெனி வேலையாக ஃப்ளோரிடாவில் இருந்தவர். அங்கே டிஸ்னி வேர்ல்டு ஓட்டல்களில் கிளப் லெவல் என்று ஒன்று இருக்கிறது. தனி லவுஞ்ச், பகல் முழுக்க எதையாவது கொறிக்க வைத்திருப்பார்கள், சாப்பாட்டு டேபிள் புக் பண்ணக்கூட உதவுவார்கள். அந்த டேபிள் புக்கிங் அறுபது நாள் முன்னாடியே திறந்துவிடும் என்பதால் அந்த உதவிக்கு அங்கே மதிப்பு உண்டு. ஓட்டலில் தங்குகிற எல்லாருக்குமே பார்க்கில் அரை மணி நேரம் முன்கூட்டி நுழைவு. "அதே மாடல்தான் மாப்ளே" என்றார் மாமா.

போவதற்கு முந்தின வாரம் போன் வந்தது. "உங்க பிரிஃபரன்ஸ் சொல்லுங்க சார்." அக்கா பொறுமையாகச் சொன்னாள். அம்மாவுக்குப் படி ஆகாது, தரைமட்டத்தில் ரூம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சேர்வராயன் கோயிலுக்குப் போகணும், ரூமிலிருந்து கேட் வரைக்கும் பேட்டரி வண்டி ஆறு மணிக்கு வந்தால் போதும். ஒரு ஃபிளாஸ்க் சுடுதண்ணி. அவ்வளவுதான். "நோட்டட் சார்" என்று வாட்ஸப்பில் பதில். அக்காவுக்கு.

ரூம் பள்ளத்தில் இருந்தது. பாசி பிடித்த கருங்கல் படிகள், ஒரு பக்கம்தான் கைப்பிடி, அதுவும் மூங்கில், பிடித்தால் ஆடியது. "கீழே இருந்தா வியூ சூப்பரா இருக்கும் மேடம்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான் பையன். அம்மா ஒவ்வொரு படியிலும் ரெண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். கன்சியர்ஜ் டெஸ்க்கில் "விரைவில் திரும்புவேன்" என்று ஒரு மரப்பலகை. நாங்கள் கிளம்புகிற வரைக்கும் பெரும்பாலும் அந்தப் பலகைதான் எங்களுக்கு கன்சியர்ஜ்.

மறுநாள் காலை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னாடியே பார்க்குக்குப் போனால் கேட்டில் சங்கிலி. வாட்ச்மேன் சிரித்தார். வரிசை வர ஆரம்பித்தது. டிக்கெட்காரர்களும் நாங்களும் ஒரே வரிசை. ஜிப்லைன் ஆள் தோளில் பையோடு வியர்த்து வந்தார். முன்கூட்டி நுழைவைப் பற்றிக் கேட்டதற்கு, "எனக்கு யாரும் சொல்லலைங்க. நான் வர்ற பஸ்ஸே இப்பதான் வருது. நாங்க வேற காண்ட்ராக்டுங்க, ஓட்டலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

ஞாயிறு ஆறு மணி. நல்ல பனிமூட்டம். வண்டி வரவில்லை. வாட்ஸப்பில் கேட்டால் கோயிலுக்கு கூகுள் மேப் லிங்க் வந்தது. சேலம் கோரிமேட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சேர்வராயன் கோயிலுக்கு வழி! கடைசியில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். கோயில் 5,326 அடி உயரத்தில், மலையுச்சியில் மைதானம் மாதிரி விரிந்த இடம். காற்று ஆளைத் தள்ளும். சாமி குகைக்குள் இருக்கிறார், சேர்வராயனும் காவேரியம்மனும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். முட்டியை ஏற்கெனவே படியில் செலவழித்துவிட்டு வந்த அம்மாவால் குனிய முடியவில்லை. வாசலில் நின்றே கும்பிட்டாள். "பரவால்ல கண்ணு, அவருக்குத் தெரியும்" என்றாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

திரும்பி வந்து டெஸ்க்கில் பிடித்தேன். நாமக்கல் பக்கத்துப் பையன், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஏறுகிற கோபமெல்லாம் அவன் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. "சார், என் கையில ஒண்ணுமே இல்ல சார். கெஸ்ட் என்ன கேட்டாலும் குரூப்ல போடுவேன். யாராச்சும் பார்த்தா உண்டு. வண்டிக்கு மேனேஜர் அப்ரூவல் வேணும், அவரு ராத்திரியே தூங்கிட்டாரு." அவனிடம் டைரி இல்லை, யார் நம்பரும் இல்லை, ஒரு வண்டியைக் கூப்பிடும் அதிகாரம்கூட இல்லை. பெயர் மட்டும் கன்சியர்ஜ். டச், அதாவது சுத்தம், குறைந்த வெள்ளிக்கு மெருகு ஏற்றி விற்பதை எங்கள் தொழிலில் என்ன பெயர் சொல்லித் திட்டுவோம் என்று இங்கே எழுத முடியாது.

இதில் உச்சம் என்னவென்றால், அம்மா காலை ஊற வைக்க வாளியில் சுடுதண்ணி கொண்டுவந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா, பக்கத்து மலைக் கிராமம், சொல்கிறார்: "ஆறு மணிக்கு வண்டி வேணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. எங்க வீட்டுக்காரர்தான் அதை ஓட்டறது." பிறகு ஏன் நீங்களே கேட்கவில்லை என்றேன். "நாங்களா கெஸ்ட்கிட்ட பேசக்கூடாதுன்னு ரூல்ஸ் தம்பி." ஊரைத் தெரிந்தவர்கள் வாயைக் கட்டிப் பின்கட்டில் வைத்துவிட்டு, ஊரைத் தெரியாத பையனுக்குக் கோட்டு மாட்டி முன்னால் உட்கார வைத்தால் இப்படித்தான் நடக்கும்.

கிளம்புகிற அன்றைக்கும் ஒரு கூத்து. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி, கொண்டை ஊசி வளைவு ரோட்டில் இறங்கி, அடிவாரத்தில் குரும்பப்பட்டி பூங்காவைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு வீட்டுக்கு, என்று அழகாக பிடிஎஃப் அனுப்பியிருந்தார்கள். மே மாதம், கோடை விழாக் கூட்டம். அந்த நேரத்தில் ஏறுவதற்கு ஒரு ரோடு, இறங்குவதற்கு ஒரு ரோடு என்று போலீஸ் பிரித்துவிடும். எனக்குத் தெரியும். "காசு கட்டியிருக்கோம்ல, அவங்க பிளான்படியே போவோம்" என்றார் மாமா. சரி என்று விட்டேன். போலீஸ்காரர் கையைக் காட்டி குப்பனூர் பக்கம் திருப்பிவிட்டார். அயோத்தியாப்பட்டணம் வழியாக ஊருக்குள் வந்து சேர்ந்தோம். பூங்கா ஊருக்கு அந்தக் கோடியில். மாமா அதற்கப்புறம் ஃப்ளோரிடாவைப் பற்றிப் பேசவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் இருக்கிறது. ஏற்காட்டை "ஏழைகளின் ஊட்டி" என்று எழுதுவதை நிறுத்துங்கள். யூடியூபில் வருகிற ஒவ்வொருவரும் இதைத்தான் ஒப்பிக்கிறார்கள். உயரம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். 1820-களில் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் காபிச் செடி கொண்டுவந்து வைத்த மலை இது. மே மாதச் சனிக்கிழமை ஏரிக்கரையில் ரூம் வாடகை கேட்டுப் பாருங்கள், எந்த ஏழை வருவான் என்று தெரியும். அந்த ரிசார்ட்டிலும் ஜன்னலைத் திறந்தால் காபித் தோட்டம், பஃபேயில் பட்டனை அமுக்கினால் வழிகிற மெஷின் காபி. கேட்டதற்கு "ஃபில்டர் காபி எக்ஸ்ட்ரா சார்" என்றார்கள்.

இனி உங்கள் விஷயம். முதல் கேள்வி: கன்சியர்ஜ் டெஸ்க்கில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஆள் இருப்பார், மேனேஜரைக் கேட்காமல் அவரால் என்னென்ன செய்து கொடுக்க முடியும்? வண்டி, ரூம் மாற்றுவது, செக் அவுட் நேரம் தள்ளுவது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இழுத்தார்கள் என்றால் புரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது: பார்க்கை நடத்துவது அவர்களேவா, காண்ட்ராக்டா? காண்ட்ராக்ட் என்றால் முன்கூட்டி நுழைவு, தனி வரிசை எல்லாம் வெறும் நோட்டீஸ்.

சொன்னது நடக்கவில்லை என்றால் ரிசப்ஷனில் கத்தாதீர்கள். அங்கே இருக்கிற பெண்ணால் ஒரு ரூபாய் குறைக்க முடியாது. டூட்டி மேனேஜரைக் கூப்பிட்டு, செக் அவுட்டுக்கு முன்னால், அவர்கள் அனுப்பின மெயிலைக் காட்டிப் பேசுங்கள். எங்களுக்கு முதலில் ஒரு நாள் இலவசத் தங்கல் வவுச்சர் நீட்டினார்கள். வார நாட்களில் மட்டும், சீசனில் செல்லாது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கன்சியர்ஜுக்கு வாங்கின வித்தியாசத் தொகையை மட்டும் கேட்டு மெயில் போட்டேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகு பணம் அக்கா கணக்குக்கு வந்தது. அதிலும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம ஊரில் இதெல்லாம் நடக்குமா என்று யாராவது கேட்டால், எனக்கு நடந்தது என்பதுதான் பதில்.

பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லி, 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. எங்கள் பில்லில் இருந்ததைச் சொன்னதும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள்.

இன்னொன்று, ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்குள் என்றால் இப்போது 5 தான். உங்கள் ஆறாயிரம் அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கிறதா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.