வலிப்பு நோயும் மனச்சோர்வும்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மனநலச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் விடையளிக்கிறார்.

பாலக்கோடு: அம்மா, என் மகனுக்கு 24 வயது. வலிப்பு நின்று ஓராண்டாகிறது. பெண் பார்த்த இடத்தில் நோயைச் சொன்னதும் மறுத்துவிட்டார்கள். அதிலிருந்து தக்காளித் தோட்டத்துக்கும் போவதில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது. நாளானால் சரியாகிவிடுமா?

பதில்: பெண் வீட்டார் மறுத்தது காரணங்களுள் ஒன்றாக இருக்கலாம், அதை மட்டுமே காரணமாகக் கொண்டு காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். வலிப்பு நோயுள்ளவர்களில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் காணப்படுகிறது. பலருக்கு வலிப்பு தொடங்கும் இடமான, மூளையின் பக்கவாட்டிலுள்ள பொட்டு மடலும், அதன் உட்புறத்திலுள்ள ஹிப்போகேம்பஸ், அமிக்டலா ஆகியவையும் உணர்ச்சிகளோடு நெருங்கிய தொடர்புடைய பகுதிகள் என்பதால், வலிப்பு அடங்கிய பின்னரும் சோர்வு தொடரக்கூடும். முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் வலிப்பு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல்.

ஊக்கமின்மை, தூக்கக்கேடு, பசியின்மை, 'என்னால் யாருக்கு என்ன பயன்' என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், வலிப்பு மாத்திரை தரும் மருத்துவரிடமே சொல்லுங்கள். நெரிசலான புறநோயாளர் பிரிவில், வலிப்பு வந்ததா என்று கேட்டு, இல்லை என்றதும் சீட்டு எழுதி அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. ஆகவே பேச்சை நீங்கள்தான் தொடங்க வேண்டும். வலிப்பு நோயாளிகளின் மனச்சோர்வைக் கண்டறிவதற்கென்றே ஆறு கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. நிரப்பச் சில நிமிடங்களே ஆகும்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என மகனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வலிப்பு நோயுள்ளவர்களிடையே தற்கொலை அபாயம் அதிகம் என்பதால், தோட்டத்துப் பூச்சிமருந்தை அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு அகற்றிவிடுங்கள்; மாத்திரைகளையும் மொத்தமாக அவரிடம் விடாமல் வேளைக்கு வேளை நீங்களே எடுத்துக் கொடுங்கள். திருமணத்தைப் பொறுத்தவரை, இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகக் குறித்திருந்த பகுதி 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் நோயை மறைக்காமல் சொன்னீர்களே, அதுவே சரி.

ஓசூர்: என் கணவர் சிப்காட்டில் வேலை செய்கிறார். மூன்று மாதங்களுக்கு முன் லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கினார்கள். அப்போதிலிருந்து எடுத்ததற்கெல்லாம் கோபம், பிள்ளைகளிடமும் எரிந்து விழுகிறார். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது: எரிச்சலும் சோர்வும் இம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள், முன்பு மனநலக் குறைபாடு இருந்தவர்களுக்கு அவை வரும் வாய்ப்பு கூடுதல். பழைய மருந்தான பெனோபார்பிட்டாலும், டோபிராமேட்டும் சிலருக்குச் சோர்வைத் தரலாம். மாறாக லாமோட்ரிஜின், வால்ப்ரோயேட், கார்பமாசெபின் ஆகியவை மனநிலையைச் சீராக வைக்கவும் பயன்படுபவை. எனவே தேதியிட்டு நடந்ததை எழுதிக்கொண்டு போய்க் காட்டினால், மருத்துவர் ஒன்றைக் குறைத்து மற்றொன்றைப் படிப்படியாகக் கூட்ட முடியும். வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்குக் கூடியவரை தவிர்ப்பார்கள். உங்கள் கணவருக்கு அந்தக் கணக்கு வேறு.

அரூர்: மனநல மருத்துவர் எஸ்சிடாலோப்ராம் என்ற மனச்சோர்வு மருந்தை எழுதினார். மருந்துக்கடைக்காரர், இதைப் போட்டால் ஃபிட்ஸ் கூடும் என்கிறார்.

பதில்: மருத்துவர் எழுதியபடியே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்சிடாலோப்ராம், செர்ட்ராலின் ஆகியவை வழக்கமான அளவில் வலிப்பைக் கூட்டுவதாகக் காணப்படவில்லை. கடைக்காரர் அஞ்சுவது பூப்ரோப்பியான், குளோமிப்ரமின் போன்ற வேறு சில மனச்சோர்வு மருந்துகளுக்குப் பொருந்தும். கார்பமாசெபினும் சேர்த்து எடுப்பவரானால், இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும் என்பதால் அதை மட்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பென்னாகரம்: தங்கைக்கு ஒரே நாளில் மூன்று முறை வலிப்பு வந்தது. மறுநாள் நன்றாக இருந்தாள். அதற்கடுத்த நாள் தூங்காமல், தன்னை அம்மன் என்று சொல்லிக்கொண்டு, சிரிப்பதும் அழுவதுமாக இருக்கிறாள். கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

பதில்: இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொடர்வலிப்புக்குப் பின் ஓரிரு நாள் தெளிவு, பிறகு இத்தகைய குழப்பம் என்பது மருத்துவத்துக்கு நன்கு தெரிந்த நிலை. பெரும்பாலும் சிகிச்சையில் சில நாட்களில் அடங்கிவிடும். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள். கோயிலுக்குப் பின்னர் போய்க்கொள்ளலாம்.

தேன்கனிக்கோட்டை: இதற்கெல்லாம் பெங்களூரிலுள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: தொடக்கத்திலேயே தேவையில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லையெனில் நிம்ஹான்ஸ் போவது நியாயமானது. அப்போது பழைய சீட்டுகள், ஸ்கேன் படங்கள், கைபேசியில் எடுத்த வலிப்பின் காணொளி ஆகியவற்றோடு, வலிப்புக்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் மனநிலை எப்படி இருந்தது என்ற குறிப்பையும் கொண்டுசெல்லுங்கள்.