போத்துக்கறியும் பதினைந்தாயிரம் லிட்டரும்

கேள்வி: கோவையில் கல்லூரியில் படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்ததிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை போத்துக்கறி (எருமை, மாட்டுக் கறி) எடுக்கக் கூடாதாம். ஒரு கிலோவுக்குப் பதினைந்தாயிரம் லிட்டர் தண்ணீர் போகிறதாம், பூமி சூடாகிறதாம். ‘சைவக்காரர்களோடு சேர்ந்து கெட்டுப்போனான்’ என்கிறார் என் மாமியார். மகளையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர். ஞாயிறு ஒரு கிலோ போத்து, நடுவில் மூன்று நாள் பிராய்லர் கோழி. கணவருக்குச் சர்க்கரை உண்டு. ஆனாலும் வாரத்தில் நாலு இரவு பரோட்டாவும் பீஃப் ரோஸ்டும் பொட்டலமாக வாங்கி வந்துவிடுவார். நான் யார் சொல்வதைக் கேட்பது?
— பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. வேறு ஊர்க் கணக்கைக் கொண்டுவந்து உங்கள் வீட்டு அடுப்பில் ஏற்றுகிறான், அவ்வளவுதான்.

தண்ணீரை முதலில் முடித்துவிடுகிறேன். கிலோ மாட்டிறைச்சிக்கு 15,400 லிட்டர் என்பது உலக சராசரி. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல், புல்லிலும் தீவனப் பயிரிலும் விழுகிற மழை. ஒப்பந்தப்படி தமிழ்நாட்டு ஆழியாற்றிலிருந்து வரவேண்டிய 7.25 டி.எம்.சி. வருமா வராதா என்று வாய்க்காலைப் பார்த்தபடியே வளர்ந்த சித்தூர்த் தாலுகாப் பையனுக்கு, மழைத் தண்ணீர் வேறு, வாய்க்கால் தண்ணீர் வேறு என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பூமி சூடாகிற கணக்கை அப்படித் தள்ளிவிட முடியாது. மாடு தின்றது இரைப்பையில் நொதிக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியேறுகிறது. மனிதர்களால் காற்றில் சேரும் வெப்பவாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு மாட்டினுடையது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டியது. நூறு கிராம் புரதம் கிடைப்பதற்கு, கறிக்கென்றே வளர்த்த மாடு என்றால் சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வாயு வெளியாகிறது. கறவை மந்தையிலிருந்து கழித்த மாடு என்றால் 17. ஆடு 20. கோழி ஆறுக்குச் சற்றுக் கீழே. பயறு ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மகன் கையில் வைத்திருப்பது அந்த 50. உங்கள் சட்டியில் வேகிறது வேறு. பொள்ளாச்சிச் சந்தை கூடுகிற நாளில் ஒருமுறை அவனை அங்கே நிற்க வையுங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடித்ததும் அடிமாடு என்று லாரி ஏறுவதில் பெரும்பாலானவை ஏர் இழுத்து ஓய்ந்த காளை, மடி வற்றிய பசு, கிழட்டு எருமை. கேரளக் கறிக்கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி இப்படி எல்லை தாண்டி வந்ததுதான். அந்தப் பசு பத்து வருடம் விட்ட ஏப்பம் பாலுக்காக விட்டது. காலையில் காப்பி, மத்தியானம் மோர், படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பால் என்று குடித்துவிட்டு, போத்துக்கறிக்காரரைப் பார்த்து ‘நீதான் பூமியைக் கெடுக்கிறாய்’ என்பவரை எனக்கும் பிடிக்காது. உங்கள் மாமியாரின் கோபம் அங்கே பிறக்கிறது, நியாயமான கோபம். ஆனால் அவர் சந்தேகப்பட வேண்டியது சொல்கிற ஆளை, கணக்கை அல்ல. (தண்ணீர் தேங்கிய நெல்வயலும் மீத்தேன் விடுகிறது, பாலக்காட்டு வயல் உட்பட. சோற்றை நிறுத்தலாமா என்று கேட்டு எனக்கு இதுவரை ஒரு கடிதமும் வரவில்லை.)

போத்தை விட்டு ஆட்டுக்கு மாறிவிடலாமே என்று யாராவது சொன்னால் மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள். காற்றுக்கு லாபமில்லை, பர்ஸுக்கு நஷ்டம்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. ஒரு கிலோவை ஐந்து பேர் பங்கிட்டால், வெந்து சுருங்கியபின் ஆளுக்கு நூற்று நாற்பது கிராம் தேறினால் அதிகம். ஆடு, மாடு, பன்றி எல்லாம் சேர்த்து வாரத்துக்கு வெந்த கறி 350 முதல் 500 கிராமுக்கு மேல் போகவேண்டாம் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் அறிவுரை. ஆக, ஞாயிற்றுக்கிழமை மீது குற்றமில்லை. குற்றமெல்லாம் அந்த நாலு இரவுகளின் மேல். நீங்கள் எழுதியிருக்கும் பொட்டலம் எனக்கும் பழக்கமானதுதான்: வாட்டிய வாழையிலை, மூன்று பரோட்டா, தேங்காய்க் கொத்தும் கருவேப்பிலையுமாகக் கறுக்க வறுத்த பத்துப் பன்னிரண்டு துண்டுக் கறி, வெளிக்காகிதம் முழுக்க எண்ணெய். சர்க்கரைக்காரருக்கு அதில் முதல் எதிரி கறியல்ல, மைதா. கறி இரண்டாவது: சிவப்பிறைச்சியை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நீரிழிவு கூடுதலாக வருவதை நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. நாலில் ஒருவர். அந்த ஒருவர் ராத்திரி எட்டரை மணிக்குப் பொட்டலத்தோடு உங்கள் வீட்டுப் படியேறுகிறார். மகன் தன் பிரசங்கத்தை அங்கே தொடங்கியிருந்தால் அவனுக்கு நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

மூன்று நாள் பிராய்லரையும் ஒரு நாளாக்குங்கள். கோழி காற்றுக்குக் குறைந்த கேடு என்பது உண்மை. ஆனால் மனிதனுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற கோலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை, கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019-இல்தான் தடை வந்தது. இன்னொரு நாளைக்கு முட்டை இருக்கிறது, மூன்றாவது நாளைக்குக் கொள்ளு. உங்கள் பக்கம் முதிரை என்பீர்கள்.

மகளை மட்டும் இந்த விரதத்தில் சேர்க்காதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், கேரளத்தில் 36.3. வித்தியாசத்துக்குக் கறி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கறியிலும் மீனிலும் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேரும். அதோடு, பயறோடு கொஞ்சம் கறி சேர்ந்தால் பயறில் இருக்கிற இரும்பும் கூடுதலாகச் சேரும். அந்தக் ‘கொஞ்சம்’ போதும்.

இது உங்கள் மாமியாருக்குத் தெரியாத வித்தையா? அவருடைய இளமையில் ஒரு கிலோ கறி எத்தனை பேர் தட்டுக்குப் போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். கறியில் கூர்க்கைக்கிழங்கு (சிறுகிழங்கு), கூர்க்கை இல்லாத மாதத்தில் நேந்திரங்காய், கையில் காசில்லாத வாரத்தில் கப்பை என்கிற மரவள்ளி. பாதிச் சட்டி காய், பாதிச் சட்டி கறி. கறிச்சாறை உறிஞ்சிய கூர்க்கைக்காகத்தான் பிள்ளைகள் சண்டை போடுவார்கள், துண்டுக்காக அல்ல. அதைத் திரும்பக் கொண்டுவந்தால் ஒரு கிலோ எடுக்கிற இடத்தில் அரைக் கிலோ போதும், மகனுக்கும் வாயடைக்கும். கணவருக்குக் கிழங்கு போடுகிற வேளையில் சோற்றைப் பாதியாக்கிவிடுங்கள், கிழங்கும் மாவுதான். சிறுநீரகத்தில் ஏதாவது கோளாறு இருந்தால், பயறையும் கறியையும் எவ்வளவு சேர்க்கலாம் என்று டாக்டரைக் கேட்ட பிறகு தொடங்குங்கள்.

மார்கழியில் கூர்க்கை வந்துவிடும். சுத்தம் செய்கிற பொறுப்பை மகனிடம் கொடுங்கள். ஈரச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, கல்லில் நாலு அடி அடித்தால் பாதித் தோல் போய்விடும். மீதியை நகத்தால்தான் சுரண்ட வேண்டும். கை கறுக்கும், இரண்டு நாளைக்குப் போகாது. அந்தக் கையோடு கல்லூரிக்குப் போகட்டும்.