ஆயிரக்கணக்குல சின்ன வேலை, ஒரே சூப்பர் கம்ப்யூட்டர்: சேலம் பசங்க கேட்ட கேள்விக்கு பதில்

அம்மாபேட்டை, பிஎச்டி மாணவி: அண்ணா, 20,000 மூலக்கூறு டாக்கிங் (மூலக்கூறு ஒரு புரதத்துல எப்படி பொருந்துதுன்னு பாக்கற கணக்கு) பண்ணணும், ஒவ்வொன்னும் ரெண்டரை நிமிஷம் ஓடும். திருச்சி என்ஐடில இருக்கற பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர்ல அக்கவுண்ட் இருக்கு. ஒவ்வொன்னையும் தனி ஜாபா போடலாமா?

பதில்: வேணாம்மா, தயவுசெஞ்சு போடாதீங்க. யாரு வேலை எப்ப எங்க ஓடணும்னு வரிசப்படுத்தற ஷெட்யூலர் ஸ்லர்ம், அது மேல 20,000 ஜாப கொட்டினா திணறும், உங்க வேலை மட்டுமில்ல மத்தவங்க வேலையும் சேர்ந்து நிக்கும். ஜாப் அர்ரே, அதாவது ஒரே கமாண்ட்ல நம்பர் போட்டு பல ஜாப் விடறது, போடலாம்னு சிலர் சொல்வாங்க, ஆனா அட்மின் மாத்தி வைக்கலன்னா அர்ரே நம்பர் 1000த்தோட முடிஞ்சிரும், அதுவும் உள்ள தனித்தனி ஜாப்தான். ஏற்காடு போற நாப்பது பேரும் ஆளாளுக்கு டிக்கெட்டுக்கு நிக்காம ஒரு பஸ்ஸ மொத்தமா பேசிக்கறோம்ல, அதுதான் இங்கயும், நோடுகள (சூப்பர் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற தனித்தனி மெஷின்) ஒரே ஜாபா வாங்கிட்டு உள்ளுக்குள்ள வேலைய நீங்களே பிரிச்சு குடுக்கணும், இதுக்கு பேரு பைலட் ஜாப். 48 கோர் நோடு நாலுன்னா 192 வேலை ஒரே நேரத்துல ஓடும், கணக்கு போட்டா நாலரை மணி நேரத்துக்குள்ள முடியுது, நீங்க ஆறு மணி நேரம் கேளுங்க. லிஸ்ட்ட நாலா வெட்டி நோடுக்கு ஒரு குனு பேரலல் (பல கமாண்ட ஒரே நேரத்துல ஓட்டற டூல்) ஓட்டுங்க, முடிஞ்ச வேலைய குறிச்சு வைக்கற ஜாப்லாக் ஆப்ஷன மறக்காதீங்க, அது இருந்தாதான் பாதில நின்னா ரெஸ்யூம் குடுத்து விட்ட இடத்துலருந்து தொடரலாம்.

இன்னொன்னு, குட்டி குட்டி அவுட்புட் ஃபைல நேரா லஸ்டர்ல (எல்லா நோடும் பொதுவா பயன்படுத்தற ஸ்டோரேஜ்) எழுதாதீங்க. ஒவ்வொரு ஃபைல திறக்கறதுக்கும் எந்த ஃபைல் எங்க இருக்குன்னு கணக்கு வெச்சிருக்கற மெட்டாடேட்டா சர்வர்கிட்ட போகணும், அங்கதான் நெரிசல். நோடோட சொந்த டிஸ்க்ல எழுதி, கடைசில ஒரே டார் ஃபைலா கட்டி அனுப்புங்க.

ஏற்காடு: சார், எனக்கு பைத்தான் மட்டுந்தான் வரும். காபி இலை போட்டோவ மொதல்ல சுத்தம் பண்ணணும், அப்புறம் மாடல் ஓட்டணும், அப்புறம் ரிசல்ட்ட ஒன்னா சேக்கணும், ஒன்னு முடிஞ்சாதான் அடுத்தது.

பதில்: பார்சல் (Parsl)னு ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கு, அத எடுத்துக்கங்க. ஃபங்ஷன் மேல டெக்கரேட்டர்னு ஒரு வரி போட்டா எது எதுக்கு காத்திருக்கணும்னு அதுவே பாத்துக்கும், லேப்டாப்ல சோதிச்ச கோட கிளஸ்டருக்கு (சேத்து கட்டின பல மெஷின்) கொண்டுபோறப்ப கான்ஃபிக், அதாவது செட்டிங், மட்டும் மாத்தினா போதும். படிப்படியா ஃபைல்தான் கை மாறுதுன்னா ஸ்னேக்மேக்னு ஒரு டூல் இன்னும் சுலபம்ங்க, இல்லாத அவுட்புட்டையும் இன்புட் மாறின அவுட்புட்டையும் மட்டும் திரும்ப செய்யும்.

ஓமலூர், லேப் ஆசிரியர்: எங்ககிட்ட கிளஸ்டரே இல்லீங்க, ராத்திரில சும்மா இருக்கற லேப் பிசிதான்.

பதில்: எச்டிகாண்டர் (HTCondor)னு ஒரு சாஃப்ட்வேர் போடுங்க சார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல 1980கள்ல ஆரம்பிச்சதே சும்மா கெடக்கற மெஷின வேலை வாங்கறதுக்குத்தான்.

ஃபேர்லேண்ட்ஸ்: எம்பிஐ, அதாவது ஓடிட்டு இருக்கற வேலைங்க ஒன்னுக்கொன்னு தகவல் அனுப்பிக்கற முறை, கத்துக்கணுமா?

பதில்: வேலைங்க ஒன்னோட ஒன்னு பேசிக்காதுன்னா தேவையில்ல.

அஸ்தம்பட்டி: அண்ணா, எல்லாம் முடிஞ்சும் கடைசி பத்து வேலைக்காக நோடு மொத்தமும் காத்து கெடக்குது, மணிக்கணக்கு வீணாகுது.

பதில்: இது நெறைய பேரு கவனிக்காம விடறது, கேட்டதுக்கு சந்தோஷம் தம்பி. நோடுக்குள்ள ஒவ்வொரு கோருக்கும் முன்னாடியே சரிசமமா பங்கு போட்டு குடுக்காதீங்க, எந்த கோர் காலியாகுதோ அது அடுத்தத எடுக்கற மாதிரி வைங்க. அதவிட முக்கியம், நீளமான வேலைய மொதல்ல விடுங்க, டாக்கிங்ல பெரிய மூலக்கூறுதான் நேரம் தின்னும், சைஸ் வெச்சு வரிசப்படுத்தினாலே பாதி பிரச்சன தீரும். 2008 வாக்குல அயோன் ராய்கு, இயன் ஃபாஸ்டர்ங்கற ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் ஃபால்கன்னு ஒரு டூல வெச்சு ப்ளூ ஜீன் சூப்பர் கம்ப்யூட்டர்ல லட்சத்துக்கு மேல கோர்ல இந்த மாதிரி வேலைய ஓட்டினப்பவும் கடைசில மிச்சமிருக்கற சில வேலைக்காக காத்து கெடக்கற இந்த வால் பிரச்சன இருந்துச்சு. வரிசை மாத்தியும் சரியாகலன்னா உங்க ஜாப்லாக்ல இருக்கற ரன்டைம், அதாவது ஒவ்வொரு வேலையும் ஓடின நேரத்த, அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.