கன்னத்து எலும்பு வீக்கம்: ஒப்பரேசனுக்கு முன் கண்ணைப் பாருங்கள்

கோப்பாயிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "என்ரை மகளுக்கு 14 வயது. இடது கன்னம் மெல்ல மெல்ல வீங்கி வருது, நோ இல்லை. சி.ரி. ஸ்கான் பார்த்திட்டு ‘பைப்ரஸ் டிஸ்பிளேசியா’ எண்டு சொன்னவை. ஒப்பரேசன் இப்ப வேண்டாமாம். இது கான்சரோ? கொழும்புக்குக் கொண்டு போகட்டோ?"

கான்சர் இல்லை, அம்மா. அப்படி மாறுவதும் மிக அரிது. கதிர்ச் சிகிச்சை கொடுத்தால் அந்த ஆபத்துக் கூடும். யாராவது சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

கரு உருவான பிறகு ஒரு கலத்தின் ஜி.என்.ஏ.எஸ். மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் காரணம். பரம்பரையில் வருவதில்லை. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதும் சாப்பிடாததும் காரணமில்லை. அந்தக் கலத்தின் வழிவந்த இடங்களில் உறுதியான எலும்புக்குப் பதிலாக நாரும் முற்றாத எலும்பும் சேர்ந்து நிரம்புகின்றன. கல்சியம் குளிசையாலோ, முறிவு நெரிவு எண்ணெய் போட்டு உருவுவதாலோ இது வற்றாது.

வைத்தியர் பொறுக்கச் சொன்னது சரிதான். பிள்ளை வளரும் வயதில் இதுவும் வளரும். பருவ வளர்ச்சி முடிய பெரும்பாலும் வேகம் குறையும். இப்போது செதுக்கினால் திரும்பவும் வளர இடமுண்டு. முகத்தோற்றத்துக்கான சத்திரசிகிச்சையை அதனால்தான் தள்ளிப்போடுகிறார்கள்.

ஆனால் கண் விஷயத்தில் பொறுக்கக் கூடாது. கண்குழியைச் சுற்றிய எலும்பும் தடித்திருக்கிறதா என்று ஸ்கானைக் காட்டிக் கேளுங்கள். தடித்திருந்தால் பார்வை நரம்பு போகும் பாதை ஒடுங்கலாம். ஒடுங்கியவர்களிலும் பெரும்பாலானோருக்குப் பார்வை கெடுவதில்லை. பார்வை நன்றாக இருக்கும்போது ‘முற்காப்பாக’ நரம்பைச் சுற்றி வெட்டுவது நன்மையைவிடத் தீமையே செய்யும். வருடத்துக்கு ஒரு தடவையாவது கண் கிளினிக்கில் பார்வையையும் நிறம் பிரித்தறிவதையும் சோதித்தால் போதும். பார்வை மங்கினாலோ, வீக்கம் சில வாரங்களில் திடீரென்று பெருத்தாலோ, கிளினிக் திகதிக்குக் காத்திராமல் உடனே போங்கள். திடீர் வீக்கத்துக்கு உள்ளே நீர்க்கட்டி இருப்பதும் காரணமாகலாம்.

இன்னொன்று. பிள்ளையின் உடம்பில் பால்தேத்தண்ணி நிறத்தில் பெரிய படைகள் உண்டா? மிகச் சிறு வயதிலேயே பெரியபிள்ளையானவரா? அப்படியென்றால் ஹோர்மோன் பரிசோதனை கட்டாயம். வளர்ச்சி ஹோர்மோன் அதிகமாகச் சுரந்தால் முக எலும்பு இன்னும் பெருக்கும். அதற்கு மருந்து இருக்கிறது.

கொழும்புக்கு இப்போது அலைய வேண்டாம். யாழ். போதனா வைத்தியசாலையிலேயே தொடருங்கள். ஸ்கான் சீடியை மட்டும் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஸ்கானை அதோடு ஒப்பிட்டால்தான் எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும்.